முழங்கை வரை நுரை

என் கோபக்காரிக்கு,

தண்ணீர் இனித்துவிட்டது! நம் கிணற்றுத் தண்ணீரேதான்.

இரண்டு கரித்தகடுகளுக்கு நடுவே அதை மெல்ல ஓடவிட்டு, பேட்டரியை இணைத்தேன். கொதிப்பில்லை, சத்தமில்லை. கண்ணுக்கே தெரியாமல் கரைந்திருந்த உப்பு பிரிந்து, இரண்டு பக்கமும் போய் ஒட்டிக்கொண்டது. மறுமுனையில் சொட்டியதைக் குடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா நம்பவில்லை. "கடைத் தண்ணியை ஊத்தி வச்சுக்கிட்டு என்னையே ஏமாத்துறியா?" என்றார். அவர் கண்முன்னே பேட்டரி வயர்களை மாற்றிக் கொடுத்தேன். பிடித்து வைத்திருந்த உப்பையெல்லாம் தகடுகள் திரும்பக் கக்கின. அடுத்த வாயைத் துப்பிவிட்டு, "ஐயோ, நம்ம கிணறேதான்!" என்று சிரித்தார்.

"அவ எப்ப வர்றா?" என்றும் கேட்டார். வயரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"இந்தத் தண்ணியில ஒரு நாளாவது நுரைச்சிருக்கா?" என்று நீ கிளம்பும்போது வீசியெறிந்த சோப்பு, குளியலறை மூலையில் வெடித்துப்போய்க் கிடந்தது. அதை எடுத்து நல்ல தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன்.

நுரை வந்தது. முழங்கை வரைக்கும் வந்தது.

கழுவ மனம் வரவில்லை. இதை ஒற்றைக் கையால் எழுதுகிறேன்.

நீ பெயர் வைத்த,
உப்புப் பைத்தியம்