உன் பேரில் இங்கே ஒருவன்

மகனாக வளர்த்த சிரஞ்சீவி அமிர்தலிங்கத்துக்கு, சித்தப்பா ஆறுமுகம் மனதார ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் இவ்விடம் நானும் உன் சித்தி பஞ்சலையும் உயிரோடும், சொல்லிக்கொள்கிற அளவுக்குக் கொஞ்சம் சதையோடும் இருக்கிறோம். பினாங்கில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று யார் வாயாலாவது கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். இந்தக் கடுதாசியைத் தபாலில் போடவில்லை, தபாலை ஜப்பான்காரர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். பக்கத்து ராசா ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற சைபுதீன் பாயின் மச்சான் லியாக்கத் அலி கருவாடு வாங்க வடக்கே வருகிறார், அவர் கையில்தான் வருகிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. முதலில் ஒரு விஷயம், மற்றதெல்லாம் பிறகு. பங்குனித் திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாயே, வராதே. ரயில் ஏறாதே. கோபப்படாமல் மேலே படி.

நானும் பாயும் சேர்ந்து ஒரு காரியம் நடத்துகிறோம், சிரம்பான் வட்டாரத்திலேயே இப்படி ஒன்று கிடையாது. சயாமில் ரயில் பாதை போட ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள் அல்லவா, அதில் நம் ரப்பர் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீடுகள் பாதிக்குமேல் காலியாகிவிட்டன. அந்த அறைகளைக் கூட்டி மெழுகி, ஜெயிலிலிருந்து வெளியே வந்து போக்கிடம் இல்லாதவன், புருஷனைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக நிற்கிறவள், புத்தி தடுமாறி ரோட்டில் நடக்கிறவர், இப்படிப்பட்டவர்களைக் கொண்டுவந்து வைக்கிறோம். துணை வீடு என்று பேர் வைத்தவன் நான். பாய் தான் வைத்ததாகச் சொல்வார், நம்பாதே. பாரோயிலிருந்தெல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வந்தது ஒரே ஒரு ஆள், அவனும் வழி தவறி வந்தவன் என்று உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், அவளுக்கு எதையும் பெரிதாகப் பார்க்கத் தெரியாது. வந்தவனுக்கு அறை கொடுத்தால் மட்டும் போதாது, ஒரு ஆளையும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அந்தத் துணையாள் அவனோடு ஒரே சட்டியில் மரவள்ளிக்கிழங்கு தின்ன வேண்டும், வேலைக்குக் கூட நடக்க வேண்டும், பழைய புத்தி வந்து எங்காவது போனால் தேடிப்போய்க் கூட்டி வர வேண்டும். என்ன செய்தாய் என்று கேட்கக் கூடாது, அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாவது வரை படித்த என் மூளையில் உதித்தது இது, துரைமார் மூளையில் உதித்ததா சொல்.

என் பங்குக்கு வந்தவன் சன்னாசி. உன் வயசு இருக்கும், உன்னைவிட ஒரு பிடி குட்டை. கடைப் பூட்டை உடைத்து ஜெயிலுக்குப் போனவன், ஒரு தடவை இல்லை. வந்த வாரமே நம் வீட்டுப் பித்தளைச் சொம்பு காணாமல் போனது. நான் அவனைத் தேடி ராசா பாசார் வரைக்கும் ஓடினேன், சிறுத்தை மாதிரி ஓடினேன், அவன் அதற்குள் சொம்பைக் கொண்டுவந்து உன் சித்தி காலடியில் வைத்துவிட்டு அழுதுகொண்டு நிற்கிறான். அவள் திட்டுவாள் என்று பார்த்தால், எடுத்தவன் கொண்டாந்து வெச்சானே, நம்ம பழைய கங்காணி எடுத்ததுல ஒண்ணாவது கொண்டாந்து வெச்சிருக்கானா என்று கேட்டு, அவனுக்குக் கிழங்கு போட்டாள். அன்றிலிருந்து அவன் எதையும் தொடவில்லை. பால் மரம் வெட்டுவதில் இப்போது தோட்டத்திலேயே அவன்தான் முதல், எனக்கு அடுத்தபடி.

இனிதான் விஷயம். இங்கே புதுக் கிராணி வந்திருக்கிறார், ஆள் கணக்கெல்லாம் அவர் கையில்தான், வேறு தோட்டத்து ஆள், நம் குடும்பக் கதை தெரியாது. சயாமுக்கு மறுபடியும் ஆள் கேட்கிறார்கள், இந்தத் தடவை வீடு வாசல் சொந்தம் இல்லாத ஒண்டிக்கட்டைகள் முதலில் போக வேண்டும் என்று உத்தரவு. கிராணி லயத்துக்கு வந்து சன்னாசியைக் காட்டி, இவன் யாரு வீட்டு ஆளு, இவனுக்கு யாரு இருக்கா என்று கேட்டார். பின்னால் சிப்பாய்கள் மூன்று லோரியில், சரி, ஒரு லோரியில். தூரத்துச் சொந்தம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம், அதற்கு ஆயிரம் கேள்வி வரும். என் வாய் என்னைக் கேட்காமலே, இவன் என் அண்ணன் மகன், நான் வளர்த்த பிள்ளை, பினாங்கிலிருந்து வந்திருக்கிறான், பேர் அமிர்தலிங்கம் என்று சொல்லிவிட்டது. உன்னைப் பற்றி நான் ஊர் பூராவும் பேசி வைத்திருப்பதால் கிராணி காதுக்கும் உன் பேர் போயிருந்தது. ஓ, நிப்பொன் பாஷை பேசுவானாமே, அந்தப் பையனா என்று கேட்டார். நீ அங்கே அதிகாரிகளோடு அவர்கள் பாஷையிலேயே பேசுகிறாய் என்று நான் எப்போதோ சொல்லியிருக்கிறேன் போல. அப்படியா, நாளைக்குப் பெரட்டுக்கு அதிகாரி வர்றார், இவன் அவருகிட்ட பேசட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாய் என்னைத் திட்டின திட்டு உனக்கு எழுத முடியாது. ஏன்லா ஆறுமுகம், உன் வாய்க்கு ஒரு பூட்டு போட்டா சன்னாசியாலகூட உடைக்க முடியாத பூட்டா போடணும் என்றார். மறுநாள் காலையில் பெரட்டுக்கு வேலைக்காரர்கள் வரிசையில் நிற்க, அதிகாரி பூட்ஸ் காலோடு வந்து நின்றார். சன்னாசி முன்னால் போனான், இடுப்பு ஒடிகிற மாதிரி வணங்கினான், திரும்பி, இச்சி, நி, சான் என்று வரிசையை ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டே போனான், கடைசி ஆள் வரைக்கும் தடங்கல் இல்லை, எண்ணி முடித்ததும் உரக்க ஏதோ கத்தி மறுபடி வணங்கினான். ஜெயிலில் விடியற்காலை தோறும் அவர்கள் பாஷையில் எண்ணச் சொல்வார்களாம், பிந்தினால் அடியாம், அங்கே கற்றது. அதிகாரி கைதட்டிப் பாராட்டினார். தலையை மட்டும்தான் ஆட்டினார் என்கிறாள் உன் சித்தி. எதுவானால் என்ன, அன்று லோரி அவனை ஏற்றாமல் போனது. ஏறினவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அதிலிருந்து தினமும் பெரட்டில் அமிர்தலிங்கம் என்று கூப்பிடுகிறார்கள், அவன் ஆஜர் என்கிறான். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன், நீ வந்துவிட்டாயோ என்று. இப்போது நீ ரயிலிலிருந்து இறங்கி, உன் பேர் போட்ட காகிதங்களோடு லயத்துக்குள் நடந்து வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். ஒரு வீட்டில் இரண்டு அமிர்தலிங்கம். அவனைக் கொண்டுபோவார்கள், பொய் சொன்னதற்கு என்னைக் கொண்டுபோவார்கள், துணை வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் துருவுவார்கள், உன்னையும் சும்மா விடமாட்டார்கள். இதை எழுதும்போதே எத்தனை தடவை எழுந்து போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் தெரியுமா. கெமாஸ் பக்கத்திலிருந்து கூட்ஸ் வண்டி ஊதினாலும் வாசலுக்கு ஓடுகிறேன். அது தெற்கேயிருந்து வருகிற வண்டி, நீ வந்தால் வடக்கேயிருந்துதானே வருவாய் என்று சித்தி சொல்கிறாள், எனக்கும் தெரியும், ஆனாலும் எழுந்து போகிறேன்.

சன்னாசியிடம் மறைக்கவில்லை, உனக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டே, மாமா, அண்ணன் வரணும்னா வரட்டும், பேரு அவருது, நான் லோரியில ஏறிக்கிறேன், எடுத்த சாமானைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கம் இருக்கு என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். உன் சித்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். வெளியே வந்து, பெத்த பிள்ளையாட்டம் வளத்தவனை வராதேன்னு எழுதப் போறீங்களே, கை வருதா என்று என்னைக் கேட்டாள். அதையும் எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

பேர் உன்னுடையதுதான், நான் உன்னைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் சொல்லிவிடு, நான் கிராணியிடம் போய் நிற்கிறேன். பதில் எழுத வேண்டாம், லியாக்கத் அலியிடம் சரி என்றோ முடியாது என்றோ வாயால் சொல்லி அனுப்பு. அவர் திரும்புகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது, சோறு எங்கே இருக்கிறது, கிழங்கு இறங்காது. எங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் தோட்டத்துப் பக்கம் திரும்பாதே. ராசாவில் இறங்கி பாய் கடைக்குப் போய்ப் பின்பக்க மேசையில் உட்கார், அவர் சொல்லி அனுப்புவார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்து மேசைக்கு வந்து யாரோ போலச் சாப்பிடுவோம். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடாதே. நானும் உன்னோடு பேசமாட்டேன், உன்னைப் பற்றி அங்கே இருக்கிற யாரிடமும் ஒரு வார்த்தை பெருமையடிக்கமாட்டேன். ஆறுமுகத்தால் அது ஆகுமா என்று பாய் சிரிக்கிறார். நீ சாப்பிட்டு எழுந்து போகிற வரைக்கும் ஆகும்.

வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, மழையில் நனைந்த சட்டையோடு படுக்காதே, சிப்பாய்களைக் கண்டால் முதலில் வணங்கிவிடு. அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த சித்தப்பா
ஆறுமுகம்