காதைப் பிடிச்சுத் தூக்கின குட்டி

ஞாயிறு, ராத்திரி.

குட்டி இல்லாமத்தான் வீடு திரும்பினோம். ஆனாலும் எனக்கு இன்னிக்குப் பெருமை தாங்கல.

சித்திரையில இருந்து நல்லா நாய் வளர்க்கிற ஆளைத் தேடி அலைஞ்சேன். தாய் நாயைக் காட்டுங்கன்னு கேட்டா, அது ஊருக்குப் போயிருக்குன்னு கூசாம சொன்னான் திண்டுக்கல்லுல ஒருத்தன். கண்ணே திறக்காத குட்டியை இப்பவே தூக்கிட்டுப் போங்கன்னான் இன்னொருத்தன். "நாய் வாங்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"ன்னு வீட்டுக்காரருக்கு ஒரே கிண்டல்.

இன்னிக்கு நெய்க்காரப்பட்டியில ஒரு அம்மா வீட்டுக்கு ரெண்டு பேரும் போனோம். வாசல்லயே கோம்பை நாய் ஒண்ணு குட்டிகளோட நிம்மதியாப் படுத்திருந்துச்சு. பாத்ததுமே எனக்குப் பிடிச்சுப்போச்சு.

இவர் சும்மா இருந்தாரா? காதைப் பிடிச்சுத் தூக்கினா கத்தாத குட்டிதான் வீரமான குட்டியாம். தூக்கிட்டார். அது வீல்னு கத்துச்சு. அந்தம்மா ஓடி வந்து குட்டியைப் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டாங்க.

"ஏனுங்க, உங்களுக்குக் குட்டி குடுக்கறதா இல்லீங்க. போயிட்டு வாங்க."

கேட்ட விலைக்கு மேலயே தர்றேன்னார் இவர். அவங்க நிமிர்ந்துகூடப் பாக்கல.

இவருக்கு முகம் சுண்டிப்போச்சு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. இப்படி முடியாதுன்னு சொல்ற ஆளைத்தானே இம்புட்டு நாளா தேடினேன்! கண்டுபிடிச்சது நான்தான்.

மனுசன் இப்பப் படுத்துக்கிட்டே கேக்குறார்: "அடுத்த ஞாயிறு போனா, குட்டியை எப்படித் தூக்கணும்னு அந்தம்மா சொல்லிக் குடுப்பாங்களா?"

எழுதிக்கிட்டிருக்கேன்னு கையைக் காட்டிட்டேன். விடியிற வரைக்கும் யோசிக்கட்டும்.