சொட்டாமல் துடைப்பது

ஜூன் 4

கடையில் பள்ளிச் சீருடைத் தையல் தலைக்கு மேல். இருந்தும் சாயங்காலம் ரைபிள் கிளப்புக்குப் போய்விட்டு வந்தேன். சுட்டதெல்லாம் நன்றாகத்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து ரைபிள் குழலைச் சுத்தம் செய்தேன். கரைப்பானில் நனைத்த துணியைத் தண்டில் மாட்டிக் குழலுக்குள் தள்ளினால் உள்ளே படிந்த கரி வரும். நான் எப்போதும்போலப் புட்டியையே கவிழ்த்தேன். தாளெல்லாம் ஊறி, மேசை வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

அண்ணி ஒரு நிமிடம் பார்த்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா, நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்று இப்போது எங்களோடுதான் இருக்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 5

இவர்: "அக்காவுக்கு ராத்திரி பூரா தலைவலி. இனிமே அந்தச் சனியனை வீட்டுக்குள்ள வச்சுத் துடைக்காத."

சரி என்றேன். சரியாவது மண்ணாவது! பிறகு எங்கே வைத்துத் துடைப்பதாம்?

ஜூன் 8

பயிற்சியில் விசை இறுகிக்கொண்டது. கிளப் மெக்கானிக் கழற்றிக் காட்டினார். உள்ளே கரியும் கரைப்பானும் சேர்ந்து பிசின் மாதிரி.

"என்னம்மா, துப்பாக்கியைக் குளிப்பாட்டுறீங்களா? துணியில நாலு சொட்டு போதும். குழல் வாய் தாழ்வா இருக்கணும். இல்லேன்னா எல்லாம் விசைக்குள்ள இறங்கிடும்."

ஆக, மேசை மட்டும் இல்லை, துப்பாக்கியும் என் கைங்கரியத்தில்தான் கெட்டிருக்கிறது. போட்டிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

ஜூன் 9

பின்வாசலில் நாற்காலி மேல் தலையணை வைத்து, குழல் வாய் கீழே சாயும்படி ரைபிளைக் கிடத்தினேன். அது உருண்டது. பிடித்தால் புட்டி சாய்ந்தது. புட்டியைப் பிடித்தால் துணி பறந்தது. அழுகையே வந்துவிட்டது — நாற்பது வயசுல இதுக்கா அழுவாங்க?

சமையலறைக் கதவு திறந்தது. அண்ணி, ரப்பர் கையுறையோடு.

"ரெண்டு கையால மூணு வேலை பார்த்தா சிந்தத்தான் செய்யும். உள்ள குண்டு இல்லையே?"

குண்டைப் பூட்டும் போல்ட்டை உருவி, காலிக் குழலைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கிட்டே வந்தார். காதுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாயை என் கையில் கொடுத்தார். குழல் வாயில் ஒரு காலி பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். ஃபிளானல் வெட்டுத்துண்டில் சொட்டு விட்டுத் தள்ளினேன். கறுப்பாக வந்து பாட்டிலுக்குள் விழுந்தது. உடனே மூடினார். வாசனையே இல்லை. பிறகு உலர்ந்த துண்டுகள், வெள்ளையாக வரும்வரை. தரையில் ஒரு பொட்டு விழவில்லை.

"அன்னிக்கு உங்களுக்குத் தலைவலி வந்துச்சு, மன்னிச்சுக்கோங்க அண்ணி."

"அது வாசனையால இல்ல. சும்மா உட்கார்ந்திருந்தா எனக்குத் தலை வலிக்கும். துடைச்ச ஜன்னலையே எத்தனை தடவை துடைக்கிறது, சொல்லு?"

இதைத்தான் நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனா?

ஜூன் 12

இவர்: "ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துட்டீங்களா? இனி என் பாடு திண்டாட்டம்தான்."

ஜூன் 16

போட்டி. மெக்கானிக் சரிசெய்த விசை சொன்னபடி கேட்டது. ஆறாவது இடம்! போன தடவை கடைசியிலிருந்து இரண்டாவது. அண்ணியும் வந்திருந்தார். யாரோ கை கிழித்துக்கொண்டு வர, முதலுதவி மேசையில் ஆளே இல்லை. நான் சுட்டு முடித்துத் திரும்பினால் அண்ணி அங்கே கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். கிளப் செயலாளர் பக்கத்தில் பவ்யமாகக் கத்தரிக்கோலை ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

ஜூலை 7

சனிக்கிழமை. கடையை மூடிவிட்டு வர நேரமாகிவிட்டது. அண்ணி, கிளப் முதலுதவி மேசைக்கென்று கொடுத்த வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"எவ்வளவு நேரம்டி? உன்னால எனக்கு டியூட்டிக்கு லேட்டாகுது."