அப்பாவின் கையில் வார்னிஷ் கறை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கடிதத்திலேயே பதறிப்போய் போனை எடுப்பாய். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே?

அப்பாவின் முன்கையில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. தச்சுப் பட்டறையில் ஒட்டிய வார்னிஷ் என்று நினைத்து மூன்று மாதமாகத் தின்னர் ஊற்றித் தேய்த்திருக்கிறார் மனிதர், போகவில்லை என்றதும் உப்புத்தாளையும் எடுத்திருக்கிறார்! ரத்தம் வந்த பிறகுதான் என்னிடம் காட்டினார். ஓரமெல்லாம் கோணல்மாணல், ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. திட்டித் தீர்த்துவிட்டு அன்றே தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். உன் வயதுப் பெண்தான். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, கேன்சராக இருக்கலாம், சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலோடு முழுசாக வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றாள். தையல் போட்டால் இரண்டு வாரம் வேலை கெடுமே என்று உன் அப்பா, மேலாகச் சீவி எடுத்துப் பாருங்களேம்மா என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். அவள் கோபப்படவில்லை. சீவினா எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு சரியா அளக்க முடியாதுங்க, அந்த ஆழத்தை வச்சுத்தான் வைத்தியமே என்றாள். சாதாரண மருவுக்குச் சீவலாமாம், இதற்குக் கூடாதாம். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். தையல் போட்டு வெளியே வந்ததும் எனக்கே பாடம் எடுக்கிறார், மரத்துல புழு எவ்வளவு தூரம் போயிருக்குன்னு இழைப்புளியால மேலாகச் சீவினா தெரியுமாடி என்று!

முடிவு வரப் பத்து நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, அவர் ஒற்றைக் கையால் வீட்டுக் கதவுகளின் கீலுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். உனக்குச் சொல்லவில்லை, கோபித்துக்கொள். கெட்டதுதான் என்று வந்தது. ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை, முழுசாக எடுத்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றாள். பிறகு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள், அங்கே ஒன்றுமில்லை. இனி அவள் சொல்லும்போது போய்க் காட்டினால் போதும். திங்கட்கிழமையிலிருந்து பட்டறைக்குப் போகிறார், நானும் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

இது குடும்பத்தில் வரக்கூடியதாம், பிள்ளைகளும் உடம்பிலுள்ள மச்சங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். உன் முதுகில், இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. உனக்கே தெரிந்திருக்காது, குளிப்பாட்டிய எனக்குத்தான் தெரியும். கல்யாணத்தன்று உனக்குச் சேலை கட்டிவிட்டபோதும் மிளகளவுதான் இருந்தது. மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். அளவோ நிறமோ மாறியிருந்தால் நாளைக்கே டாக்டரிடம் போ.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். நீளமாகப் பதில் எழுத நேரமில்லை என்றால் பரவாயில்லை. மிளகளவுதான் அம்மா என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா