எரிந்த இரண்டு மோட்டார்கள்

முதலில் நீ எனக்குச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் நாலு பேர் முன்னால், நான் தேர்ந்தெடுத்த மோட்டார்தான் உன் ரிமோட் லாரியைக் கெடுத்தது என்றாய். "பேரு காயில்காரரு. ஒரு பொம்ம வண்டிக்கு மோட்டாரு பாக்கத் தெரியல" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். விசைத்தறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றி, காயில் கட்டியே ஆரணியில் பிழைத்தவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. எரிந்ததைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டேன். அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். நீயும் வரவில்லை. இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாய். மாலை போட வந்தேன். கோபத்தை இறக்கி வைக்க வரவில்லை.

இன்று காலை உன் மனைவி அந்த லாரியை ஓர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து என் பட்டறை மேசைமேல் வைத்தார். மூடியைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் வாசனை. நாற்பது வருடமாக என் சட்டையில் ஒட்டியிருக்கும் வாசனைதான், ஆனால் இதில் ஏதோ கூடுதலாக இருந்தது. ஒரு மோட்டாருக்கு இவ்வளவு வாசனை வராது.

நாம் மோட்டார் பார்த்த அந்த வாரம் நினைவிருக்கிறதா? செய்யாறு கம்பெனி பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு பழைய ரிமோட் லாரி ஒன்றை வாங்கி வந்தாய். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. அதிலிருந்த மோட்டாரில் கார்பன் தேய்ந்துபோயிருந்தது. புதிதாக எது போடுவது என்று உன் போனில் படங்களைப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் சண்டை போட்டோம். எல்லாம் ஒரே அளவு டப்பா. உள்ளே கம்பிச் சுற்றுகள்தான் வேறு. சுற்று குறைந்தால் வேகம், சுற்று கூடினால் இழுவை. உனக்கு இருபது சுற்று வேண்டும். எனக்கு ஐம்பத்தைந்து.

"ஏரிக்கரை மேட்ட ஏறணும்னு நீதான சொன்ன? ஏத்தத்துக்கு இழுவதான் வேணும்" என்றேன்.

"யோவ், முப்பது வருஷமா ஸ்பீடு லாக் போட்ட பஸ்ஸ ஓட்டிகினு இருந்தேன். இதுலயாவது பறந்து பாக்கறேன் வுடுய்யா."

கடைசியில் நான்தான் ஜெயித்தேன். ஐம்பத்தைந்து வந்தது. உன் தெருவில், காலையில் தறிக்கான பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டியிருக்கும்போதே அதன் அடியில் ஓட்டிப் பார்த்தோம். பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த உன் மனைவி, "அடியில ஓட்டாதீங்க, நூலு சுத்திக்கும்" என்று சத்தம் போட்டார். தன் பாவை நினைத்துச் சொல்கிறார் என்று இருவரும் சிரித்தோம். பத்து நாள் கழித்து, ஏரிக்கரையில் பாதி மேட்டில் வண்டி நின்று புகைந்தது. அடுத்த நாள் டீக்கடையில் நீ வாயைத் திறந்தாய்.

இன்று பெட்டிக்குள் என் மோட்டார் கருகிக் கிடந்தது. வண்டியில் மாட்டியிருந்ததைக் கழற்றினேன். இருபது சுற்று. நீ ஆசைப்பட்டது. அதுவும் கருகியிருந்தது.

உன் மனைவியைப் பார்த்தேன். "அதுவும் அதே மேட்டுலதாண்ணா எரிஞ்சிச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. ரெண்டு நாளு சரியா சாப்பிடக்கூட இல்ல" என்றார்.

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ எதிரில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது அதிக நேரம் நிற்கவில்லை. மெதுவான மோட்டாரும் எரிந்தது, வேகமான மோட்டாரும் எரிந்தது என்றால், தப்பு மோட்டாரில் எப்படி இருக்கும்?

மோட்டார் இல்லாத வண்டியை மேசைமேல் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும்; செங்கல்லைத் தள்ளுவதுபோல் இருந்தது. முன் அச்சுக்குப் போகும் தண்டைக் கழற்றினேன். பின் சக்கரங்கள் சுலபமாகச் சுற்றின. முன் சக்கரங்கள் முனகின. கழற்றிப் பார்த்தால், சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கிளிப்பச்சைப் பட்டு நூல், இழைமேல் இழையாக இறுகி, நகம் இறங்காத அளவுக்குக் கெட்டியாகிக் கிடந்தது. பிளேடு வைத்துத்தான் அறுத்தேன்.

உன் மனைவி அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "என் பாவு நூலு. நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் தறிக்காரர் ஒவ்வொருவரிடமும் நான் என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து நூறு முறை கேட்டிருக்கிறாய். "மோட்டார அப்புறம் பாக்கலாம், தறி கையால சுத்துதா பாத்தியா?" அதை அன்று ஏரிக்கரையில் நான் கேட்கவில்லை. மறுநாள் நீ என் மோட்டாரைக் குறை சொன்னாய் என்பதிலேயே நின்றுவிட்டேன். நீயும் எனக்குத் தெரியாமல் உன் மோட்டாரை மாட்டி எரித்தாயே தவிர, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கவில்லை. அது உன் தப்பு. கேட்காமல் விட்டது என் தப்பு. இரண்டும் ஒன்றென்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் நாலு பேர் முன்னால் உன்னைப் பேசவில்லை.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். பேரிங்கைக் கழுவி எண்ணெய் விடுவது நான். புது மோட்டார் ஐம்பத்தைந்து சுற்றுதான், அதில் மாற்றமில்லை. பாவு நீட்டிய தெருவில் வண்டியை இறக்கக் கூடாது என்பது உன் மனைவியின் உத்தரவு. மேட்டில் ஏற்றப்போவதும் அவர்தான். ரிமோட்டை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டார். அன்று சிரித்த நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை கரையில் வந்து நிற்க வேண்டும், சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பச்சை நூல் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை அவர்களுக்குக் காட்டுவேன்.

அப்புறம் "என்னுதும் எரிஞ்சிபோச்சி" என்று ஒரு வார்த்தை அவர்களிடம் சொல்ல வேண்டும். அது நீ சொல்ல வேண்டியது. உன்னைப்போலவே சொல்லலாம் என்று பட்டறையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. என் குரலிலேயே சொல்லிவிடுகிறேன்.