திரும்ப மறுத்த போகி

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று உச்சிப்புளி ஸ்டேஷனில் குப்புறப் படுத்து, நின்ற ரயிலின் அடியை எட்டிப் பார்த்தேன். மயங்கிக் கிடக்கிறேன் என்று ஒரு அம்மா சோடா வாங்கி வந்துவிட்டார். குடித்தேன்.

எல்லாம் மச்சினன் காசிம் பாகம் பாகமாக வாங்கி ஒட்டிச் செய்யும் பொம்மை ரயில் பெட்டிக்காக. அதில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், அதாவது போகி, இரண்டு விதமாக வந்திருந்தது. சுருள் வில் வைத்ததுதான் நம் ரயிலுக்கு உரியது என்று கண்டுபிடித்து வந்து மாட்டினேன். லொடலொடவென்று ஆடியது. படகு பழுது பார்க்கிற கைக்கு எதுவும் ஆடினால் பொறுக்காது. படகுக்குப் பூசும் ரெசினை ஊற்றி இறுக்கிவிட்டேன்.

சாயங்காலம் காசிம் ஓட்டிப் பார்த்தான். முதல் வளைவிலேயே பெட்டி கவிழ்ந்தது.

"போகி திரும்புனாத்தானே மச்சான் வளைவுல போகும்? அதைப் போயி ஒட்டிட்டீகளே! இத்தனை நாளா என்னையச் சின்னப்புள்ளன்னு நக்கல் பண்ணுனீக!"

காலையில் அவன் சவுதிக்குப் போகிறான். லீவு முழுக்க ஆசையாகச் செய்தது இந்த ஒரு பெட்டிதான்.

சாப்பிட்ட பிறகு கத்தியால் நெம்பிப் பார்த்தேன். போகி அசையவில்லை. பெட்டியின் கூரை கையோடு வந்துவிட்டது. அதை ஒட்டுவதற்கு வீட்டில் ரெசின்தான் இருக்கிறது.