நீங்கள் ஏறாத படகு

என் பிரியமான வீம்புக்காரருக்கு,

முடித்துவிட்டேன். நர்மதையை முழுசாகச் சுற்றி நடந்து, நாம் கிளம்பிய அதே ஜபல்பூர் படித்துறைக்கு வந்து சேர்ந்தேன். தீபாவளி கழிந்து இரண்டு பேராகப் புறப்பட்டோம். வைகாசி வெயிலில் நான் மட்டும் வந்து நின்றேன். கூட நடந்தவர்கள் அழுதார்கள், ஆற்றில் விழுந்து கும்பிட்டார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நின்ற பிறகும் கால் நடந்துகொண்டே இருப்பது போல இருந்தது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லத்தான் பல நாளாக எழுத உட்காருகிறேன். பேனாவை எடுத்தாலே கோபம் வந்துவிடுகிறது. இப்போது சந்தோஷமா உங்களுக்கு? ஆவடி பாக்டரியிலிருந்து ஜபல்பூருக்கு மாற்றலாகிப் போன வருஷங்களில், கரையோரம் கம்பும் மூட்டையுமாக ஆற்றைச் சுற்றி நடந்து போகிறவர்களைக் கூப்பிட்டு, என்னைச் சப்பாத்தி போடச் சொல்லி வேலை வைப்பீர்களே. ரிட்டையர் ஆனதும் நாமும் நடப்போம் என்பீர்கள். கொரட்டூரில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு மறந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களாவது, மறப்பதாவது!

ஆறு எப்போதும் வலதுகைப் பக்கம் இருக்க வேண்டும், நடந்து முடிக்கும்வரை அதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அதுவரை நடந்ததெல்லாம் வீண். இதைச் சொல்லிச் சொல்லியே என் காதைத் துளைத்தீர்கள். நான் ஏரிக்கரையில் வளர்ந்தவள். தண்ணீரைக் கண்டால் பாவாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கித்தான் பழக்கம். உங்களுக்காகச் சரி என்றேன்.

தென்கரையில் அந்தச் சின்ன கிராமத்தில் காய்ச்சலில் படுத்தீர்கள். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அந்தக் கரையில் டாக்டர் கிடையாது. எதிர்க்கரையில், கண்ணுக்கு நேராக, ஓர் ஊர் தெரிந்தது. அங்கே ஆஸ்பத்திரி இருந்தது. படகுக்காரர் தானாகவே வந்து கூப்பிட்டார். நாம் தங்கியிருந்த மடத்துச் சாமியார்கூட, உயிருக்கு ஆபத்தென்றால் போகலாம், நர்மதைத் தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றார். நீங்கள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நான் தாண்ட மாட்டேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ நடந்து முடிச்சிட்டு வா" என்றீர்கள்.

பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா அது?

மறுநாள் மத்தியானம் போய்விட்டீர்கள். கரையிலேயே எரித்தோம். நம் ஒரே மகள் கலாவுக்குத் தந்தி போய்ச் சேரும்போது சாம்பலும் கரைத்தாகிவிட்டது. நான் ஊர் திரும்பவில்லை. நீங்கள் சொன்னதற்காக மட்டும் நடந்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதீர்கள். நின்றால் என்ன ஆவேனோ என்று பயமாக இருந்தது, அதனால் நடந்தேன்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் எல்லாரையும் எப்படி அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள் தெரியுமா? படகில்தான். கடல் வழியாகப் போனால் ஆற்றைத் தாண்டின கணக்கில் வராதாம். நானும் ஏறி உட்கார்ந்தேன். அப்புறம் வடகரையோடு திரும்பி நடக்க, ஒரு நாள் அந்த ஊரே வந்துவிட்டது. படித்துறை ஏறினால் ஒரு டீக்கடை, அடுத்து அந்த ஆஸ்பத்திரி. நர்ஸம்மா ஒருத்தி வாசலில் நின்று தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் எதிரே உங்களை எரித்த இடம். படியில் உட்கார்ந்து, வாயில் வந்தபடி உங்களைத் திட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஊருக்கு வந்தால் ஒரே அமர்க்களம். பாக்டரி நண்பர்கள் மாலையோடு வந்தார்கள். தெருப்பெண்கள் என் காலில் விழுகிறார்கள். உங்களுடையது புண்ணியச் சாவாம். நான் வாயைத் திறக்காமல் எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன்.

கலா மட்டும் வரவில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தானே அவள் வீடு, கூப்பிடு தூரம். அப்பா செத்தும் மாதக்கணக்கில் என்னை வந்து பார்க்காத அம்மாவைத் தேடி நான் போக மாட்டேன், வேண்டுமானால் அவள் வரட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினாள். யார் பெற்ற பெண்!

போகத்தான் தினமும் கிளம்பினேன். ரயில்வே கேட் வரைக்கும் போவேன். தண்டவாளத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிடும். சிரிக்காதீர்கள். தாண்டாதே, தாண்டாதே என்று பழக்கின கால் அது. ஆனால் அது மட்டுமா காரணம்? இதை நான் சுலபமாகத் தாண்டிவிட்டால், அன்றைக்கு நீங்களும் தாண்டியிருக்கலாம் என்று ஆகிவிடுமே. தாண்டவே முடியாது என்று இருந்தால்தானே என்னால் உங்களைப் பொறுத்துக்கொள்ள முடியும்? கடைத்தெருவும் அந்தப் பக்கம்தான். காய்கறிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் கேட் போட்டிருந்தது. ஆவடி லோக்கல் போன பிறகு பார்த்தால், எதிரே கலா பையோடு நிற்கிறாள். கேட்டைத் தூக்கினார்கள். சைக்கிளும் லாரியும் ஜனமும் போய்விட்டன, நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றோம். இளைத்துப்போயிருந்தாள்.

"இன்னாம்மா, எம்மாம் பெரிய ஆத்த சுத்திகினு வந்துகீற. இத்தத் தாண்டி எங்கூட்டுக்கு வர முடியலயா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சின்ன வயசில் ஜுரம் வந்தால் பேசுவாளே, அந்தக் குரலில் கேட்டாள். நான் நடந்தேன். தண்டவாளம், ஜல்லி, இன்னொரு தண்டவாளம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோதாம்மா" என்றாள்.

இவ்வளவுதான். கேட் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். உங்களை எரித்த அன்றுகூட அப்படி அழவில்லை. இவ்வளவுதாங்க! நீங்கள் ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் படகு அக்கரை போயிருக்கும். நடை வீணாகியிருக்கும், ஆகட்டுமே. திரும்பவும் முதலிலிருந்து நடந்திருப்போம். நான் மாட்டேன் என்று சொல்லியிருப்பேனா?

அவள் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அப்பா தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறு எதைச் சொல்ல? அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

இனி யார் வந்து புண்ணியச் சாவு என்று சொன்னாலும் நான் வாயை மூடிக்கொண்டு காபி போட மாட்டேன். அந்த மனுஷன் படகில் ஏறியிருக்க வேண்டும் என்று சொல்வேன். பெண்ணுக்காகவாவது ஏறியிருக்க வேண்டும் என்று, மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னாலேயே சொல்வேன். இது சத்தியம்.

கோபமும் ஆசையும் கொஞ்சமும் குறையாத,
கலாவின் அம்மா